பதினொரு செக்கன்

ஏப்ரல் 19, ஞாயிறு

குகனுடைய கனூ, படகு திருத்துகிற என் கொட்டிலுக்கு வந்துவிட்டது. கடவுள் இருக்கிறார்.

கொண்டுவந்தது குகன் இல்லை. அவனுக்கு அந்தத் துணிவு எங்கே? பராபரண்ணைதான் தன் வான் வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து மூன்றரை மணித்தியாலம் ஓடிவந்து, வாசலில் நின்று ஹோர்ன் அடித்தார். எங்கள் கனூக் கழகத்துக்கு அவர் செயலாளர். தமிழ்ச் சங்கங்கள் எல்லாம் இரண்டாய் மூன்றாய் உடைந்துபோக, இது மட்டும் உடையாமல் இருப்பது தன்னால்தான் என்று நம்புகிற மனிதர்.

“மலர், மே இருபத்துமூண்டு நித்தியின்ரை நினைவு ஓட்டம். ஒரு வருசம் ஆகுதல்லோ. குகனும் ஓடப்போறான். இவன்ரை கனூ குளிருக்கை வெடிச்சுப்போச்சு. உம்மை விட்டா இந்தப் பக்கம் வேறை ஆர் இருக்கினம்?”

ஆற்றில் கனூ விடுகிற அந்த நினைவு ஓட்டத்துக்கு டீ-சேர்ட் வேறு அடித்துவிட்டார்களாம். முன்பக்கத்தில் என் புருசனின் படம். காட்டுங்கோ என்றேன். போனில் காட்டினார். அது நித்தி இல்லை, நித்தியின் தமையன். பிறந்தநாள் படத்தில் பக்கத்தில் நின்றவரை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

“மூக்கு ஒரே மாதிரித்தானே,” என்றார் பராபரண்ணை, முகம் கறுத்துப்போய்.

“கனூவை இறக்குங்கோ. செய்து தாறன்,” என்றேன்.

எனக்கு மறதி இல்லை. ஆனாலும் எழுதிவைத்தால் கோபம் ஆறாமல் இருக்கும் என்பதால் எழுதுகிறேன். போன மே 24. ஆற்றில் ஆட்டுக்கல் என்று நாங்கள் பேர் வைத்த பாய்ச்சல். தண்ணீர் அதில் மா அரைக்கிற மாதிரிச் சுற்றும். நித்தி கனூவோடு கவிழ்ந்தார். கீழே கல்லில், கவிழ்ந்தவர்களை இழுத்தெடுக்கிற எறிகயிற்றோடு காவல் நின்றவன் குகன். தம்பி தம்பி என்று நித்தி தலையில் தூக்கிவைத்திருந்த குகன். அவன் கயிற்றை எறியவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றான். நான் கீழ்த்துறையில் வானோடு நின்றேன். சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் அந்த வீடியோவை எனக்கு அனுப்பினான். ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. படம் மட்டும். என்ன திமிர்!

நாளும் பார்க்கிறேன். கனூ கவிழ்ந்ததிலிருந்து போன் அவன் கையை விட்டு விழும்வரைக்கும் பதினொரு செக்கன். அதோடு நிறுத்திவிடுவேன். பிறகு பார்க்க ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 22, புதன்

கனூவைக் கவிழ்த்துவைத்து ஆராய்ந்தேன். ஒற்றை ஆள் கனூ, பழைய பிளாஸ்டிக் உடம்பு, மர விளிம்பு. மர விளிம்பு வைத்த கனூவுக்குக் குளிர் வரமுன்னம் திருகாணிகளைத் தளர்த்திவிட வேண்டும். பிளாஸ்டிக் சுருங்குகிற அளவுக்கு மரம் சுருங்காது; தளர்த்தாவிட்டால் திருகாணித் துளையிலிருந்து வெடிப்பு ஓடும். இது கழகத்தில் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற விசயம். குகன் தளர்த்தவில்லை. எண்ணினேன், பதினாறு வெடிப்பு. கனூவை வெளியில் பனிக்குள் போட்டுவிட்டுத் திரும்பியும் பார்க்கவில்லை போல.

தன் சாமானையே பார்க்காதவன்தான் என் புருசனைப் பார்த்துக்கொண்டு நின்றவன்.

மூக்குப் பட்டை தேய்ந்து போயிருக்கிறது. தொடைப்பட்டிகள் நைந்துவிட்டன. காற்றுப்பை இரண்டையும் காணவில்லை. கயிறுகள் மட்டும் சுத்தம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வெடிப்புகளின் நுனியில் சின்னத் துளை போட்டேன். அப்போதுதான் அதற்கு மேல் ஓடாது. பிறகு வெடிப்பை ‘வி’ மாதிரிக் குடைந்து எப்பொக்சிப் பசை நிரப்பினேன். இருமல் வந்தது. அப்பாவின் நினைவும் வந்தது. எங்கள் ஊர் மயிலிட்டியில் அவர் கண்ணாடிநார்ப் படகுக்கு ஒட்டுப்போடும்போது நான் பக்கத்தில் பிசின் கலக்கிக் கொடுப்பேன். வெட்டுக்கத்தியில் தொடங்கி முடிச்சு வரைக்கும் என் கைக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே படித்தது.

கடலில் கயிற்றின் நுனியை வெறுமனே விட்டால் அப்பா பேசுவார். வெறும் நுனி வளையத்துக்குள்ளால் ஓடிப்போய்விடும், பிறகு படகும் இல்லை வலையும் இல்லை. ஆற்றில் கதை மறுவளம். கனூவின் முன்கயிற்றிலும் பின்கயிற்றிலும் நுனியில் முடிச்சு இருக்கவே கூடாது. கவிழ்ந்த கனூவுக்குப் பின்னால் கயிறு இழுபட்டு வரும். முடிச்சு இருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவில் போய்ச் செருகிக்கொள்ளும். அதனால் நுனியை நெருப்பில் உருக்கிச் சுத்தமாய் விடுவோம்.

என் கை கேட்காது. தன்பாட்டில் முடிச்சுப் போட்டுவிடும். நித்தி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னம் எனக்குப் பின்னால் வந்து அவிழ்ப்பார். “மலர், உம்மடை கை இன்னும் மயிலிட்டியிலைதான் நிக்குது,” என்று பகிடி பண்ணுவார்.

போன மே 24 காலையில் அவருடைய கனூவுக்குப் புதிய பின்கயிறு போட்டது நான்தான். பிந்திவிட்டது, எல்லாரும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுத்தமாகத்தான் போட்டேன். எனக்கு நல்ல ஞாபகம்.

ஏப்ரல் 29, புதன்

வெடிப்பெல்லாம் இறுகிவிட்டது. அரத்தாள் போட்டு மட்டமாக்கினேன். தடவிப்பார்த்தால் எங்கே வெடித்தது என்று தெரியாது. எவனுக்குச் செய்தாலும் என் வேலை வேலைதான்.

மே 2, சனி

அளவெடுக்க அவன் வந்தே ஆகவேண்டும். ஒற்றைக் கனூவில் ஆள் முழங்காலில்தான் நிற்க வேண்டும். நடுவில் நுரைக்கட்டை இருக்கையைக் காலுக்கு நடுவில் வைத்து, இரண்டு தொடைக்கு மேலாலும் பட்டி இழுத்துக் கட்டுவோம். ஆளை வைத்துத்தான் அளக்கலாம். சட்டை தைப்பதைவிடக் கிட்ட நிற்க வேண்டிய வேலை.

வந்தான். கொட்டில் வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். கோயிலா இது?

“ஏறி இரும்,” என்றேன்.

முழங்காலில் நின்றான். போன வருசம் நான் பார்த்த குகன் இல்லை, பாதி ஆள். பழைய பட்டியில் அடையாளம் இருந்த இடத்துக்கும் இப்போதுள்ள தொடைக்கும் நடுவில் என் நாலு விரல் போகிறது. சந்தோசப்பட்டேன். பொய் எழுத மாட்டேன், நல்லாகச் சந்தோசப்பட்டேன்.

“பட்டியை இறுக்கி வையுங்கோ அக்கா.”

“இறுக்கினா கவிழேக்கை கழண்டு வராது. தெரியாதோ உமக்கு?”

“இறுக்கமா இருந்தாத்தான் எனக்குப் பிடி.”

“காற்றுப்பை எங்கை?”

“வேண்டாம் அக்கா. பாரம்.”

காற்றுக்குப் பாரமாம்! கனூவின் முன்னுக்கும் பின்னுக்கும் காற்றுப்பை அடைத்துக் கட்டாவிட்டால், கவிழ்ந்தவுடன் கனூ முழுக்கத் தண்ணீர் ஏறும். பிறகு அது கனூ இல்லை, ஒரு தொட்டித் தண்ணீர்; மாடு கட்டி இழுத்தாலும் அசையாது. பதினைந்து வருசம் ஓடுகிறவனுக்கு இது தெரியாதா? பெரிய ஆள் காட்டுகிறான், வேறொன்றும் இல்லை.

“சீட்டை மட்டும் தொடாதையுங்கோ,” என்றான். “அது அப்பிடியே கிடக்கட்டும்.”

போகும்போது தன் எறிகயிற்றுப் பையை மேசையில் வைத்தான். “இது உங்களிட்டை இருக்கட்டும் அக்கா. நல்ல கயிறு.” எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் கையில் எடுத்தேன். எடுத்தபடியே கேட்டேன், வீட்டில் அவன் மனைவி மேகலா எப்படி என்று. அவன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். குனிந்து பார்த்தால் கயிற்றின் நுனியில் முடிச்சு விழுந்திருக்கிறது.

அவன் கிட்ட வந்து, என் கையிலிருந்தபடியே அதை அவிழ்த்தான். நித்தி அவிழ்க்கிற மாதிரி. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

“அந்த வீடியோவை முழுக்கப் பாத்தனீங்களோ அக்கா?”

“பாத்தன்.”

“முழுக்க?”

“ஓம் எண்டு சொல்லுறனல்லோ.”

“பாத்திட்டும் என்ரை கனூவைச் செய்து தாறியள்,” என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். என்னைக் குத்திக்காட்டுகிறானாம். உன்னை வைக்கிற இடத்தில் வைக்கிறேன் இரு.

மே 5, செவ்வாய்

தொடைப்பட்டிக்கு நங்கூரம் மாதிரி நாலு துண்டு கனூவின் தரையில் ஒட்ட வேண்டும். வளையம் வைத்த தடித்த துண்டுகள். ஒட்டுமுன்னம் தரையை அரத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, பசை இரண்டு தரம் பூசி, ஹீட் கன்னால் சூடாக்கி அழுத்த வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் பிடிக்காது. பிடித்தது மாதிரிப் பார்வைக்கு இருக்கும்.

வலப்பக்கம் இரண்டும் முறைப்படி செய்தேன். இடப்பக்கம் இரண்டுக்கும் அரத்தாள் போடவில்லை. துடைக்கவும் இல்லை.

மறந்துபோனேன் என்றுதான் எழுத நினைத்தேன். மறக்கவில்லை.

மே 8, வெள்ளி

ஆட்டுக்கல்லின் நடுவில் இடத்தொடைப் பட்டி கழன்றால் ஆள் ஒரு பக்கமாய்ச் சரிவான். கவிழ்வான். குளிர்தண்ணீர் குடிப்பான். எல்லாரும் பார்ப்பார்கள், படமும் எடுப்பார்கள். அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

மே 10, ஞாயிறு

பராபரண்ணை போன் எடுத்தார். டீ-சேர்ட் திரும்ப அடிக்க நேரம் இல்லையாம், பொறுத்துக்கொள்ளட்டாம். பிறகு ஒரு கதை சொன்னார்.

“குகன் ஒரு விண்ணப்பம் கேக்கிறான் மலர். முதலாவதாத் தான் தனிய இறங்கவாம். ஆட்டுக்கல்லடியிலை ஒருத்தரும் கயிறோடை நிக்கத் தேவையில்லையாம். நித்திக்குத் தான் செய்யிற மரியாதையாம்.”

“நல்ல மரியாதை.”

“தன்ரை குளிர்ச்சட்டையை எனக்குத் தந்திட்டான். நல்ல துடுப்பு ரெண்டையும் கழகத்துக்குத் தந்திட்டான். திருந்திட்டான் போல கிடக்கு.”

திருந்துகிறானோ, தியாகி வேசம் போடுகிறானோ. எல்லாரும் பார்க்கத் தனியனாய் இறங்கி, கைதட்டு வாங்கி, தன் பேரைக் கழுவிக்கொள்ளப் பார்க்கிறான். என் புருசனின் தண்ணீரில் அவனுக்கு முழுக்காம். விடமாட்டேன்.

மே 13, புதன்

சீட்டைத் தொடாதே என்றான் அல்லவா? அதனால் இன்று அதையே முதலில் பிடுங்கினேன்.

சும்மா வீம்பு இல்லை, இருக்கை அவனுக்கு உயரம் கூடிவிட்டது, சீவித்தான் ஆகவேண்டும். கத்தியை விட்டு நுரைக்கட்டையைத் தரையிலிருந்து பிரித்தெடுத்தேன். அடியில் ஒரு பொந்து குடைந்திருந்தது. அதற்குள் தண்ணீர் புகாத சின்ன டப்பா. டப்பாவுக்குள் ஒரு சாண் நீளத்தில் நீலக் கயிறு. ஒரு பக்கம் கத்தியால் அறுத்த வெட்டு. மற்றப் பக்கம் முடிச்சு.

சுற்றிவளைத்த முடிச்சு, கழுத்தில் இரண்டு சுற்று. எல்லாரும் ஒரு சுற்றுத்தான் போடுவார்கள்.

நீலக் கயிறு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மே 14, வியாழன்

புல் வெட்டினேன். மீன் வாங்கினேன். சமைக்கவில்லை.

மே 15, வெள்ளி

காலையில் கொட்டில் கதவைச் சாத்திவிட்டு வீடியோவைப் போட்டேன். பதினொரு செக்கன் வந்தது. நிறுத்தவில்லை.

போன் கல்லில் விழுந்து கிடக்கிறது. படத்தில் வானமும் ஒரு மரத்தின் நுனியும்தான். ஆனால் சத்தம் முழுக்க இருக்கிறது.

“அண்ணை, பிடியுங்கோ! பிடியுங்கோ!”

பிறகு, “பிடிச்சிட்டார்! பிடிச்சிட்டார்!” அவன் குரலில் ஒரு சிரிப்புக்கூட இருக்கிறது. பதினொரு செக்கன் பிந்தினாலும் அவன் எறிந்த கயிறு நித்தியின் கைக்குப் போயிருக்கிறது.

பிறகு மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு, “வருகுதில்லை. ஏன் வருகுதில்லை? கனூ நிக்குது. அண்ணை, கனூவுக்கும் கல்லுக்கும் நடுவிலை நிக்கிறியள், காலை எடுங்கோ! ஐயோ, பின்கயிறு! பின்கயிறு மாட்டிட்டுது!”

அவன் தண்ணீரில் குதிக்கிற சத்தம். பிறகு நாலு நிமிடம் ஆறு மட்டும்.

கடைசியில் கரைக்கு வந்து அவன் அழுகிறான். அதற்கு நடுவில் ஒரு சொல் விளங்குகிறது. “அக்கா” என்கிறான்.

அந்த இரண்டு சுற்று முடிச்சை என் அப்பாவும் நானும் தவிர வேறு யாரும் போட்டு நான் கண்டதில்லை. எழுதிவிட்டேன். போதுமா?

மே 16, சனி

இன்றைக்குக் கோபம் முழுசாய் வந்தது. இவ்வளவு நாளும் வந்ததெல்லாம் கோபமே இல்லை.

பார், அவன் செய்த வேலையை. பொலிஸ் கேட்டபோது பிந்திவிட்டேன் என்றான். கழகக் கூட்டத்தில் எழும்பி நின்று, நான் பிந்திட்டன், என்னாலைதான் என்றான். நான் அவன் முகத்துக்கு நேரே துப்பினேன், துடைத்துக்கொண்டு இருந்தான். கயிற்றைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு மட்டும் வீடியோவை அனுப்பினான், நான் முழுக்கப் பார்ப்பேன், எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று. நான் பார்த்தும் பேசாமல் இருக்கிறேன் என்றே ஒரு வருசமாய் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது பட்டி இறுக்கமாய் வேண்டும், காற்றுப்பை வேண்டாம், கயிறோடு யாரும் நிற்க வேண்டாம், குளிர்ச்சட்டையும் துடுப்பும் தானம். கனூ செய்கிறவள் நான். ஒருவன் கனூவை எப்படிக் கேட்கிறான் என்பதிலேயே அவன் எங்கே போகப்போகிறான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

மேகலாவுக்குப் போன் எடுத்தேன். ஒரு வருசத்துக்குப் பிறகு என் குரலைக் கேட்டு அவள் பயந்துவிட்டாள்.

“அவர் நித்திரை கொள்ளுறேல்லை அக்கா. கேட்டா, ஓட்டம் முடிய எல்லாம் சரியாகும் எண்டுறார்.”

“அவரைத் தனிய விடாதையும். டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போம்.”

“வரமாட்டன் எண்டு நிக்கிறார் அக்கா.”

என் புருசனுக்காகச் சாக இவன் யார்? அவரைக் கட்டினது நான். அவருக்காக அழுகிறதும் என்னுடையது, அந்த முடிச்சும் என்னுடையது. அதைக் களவெடுத்துத் தன் காலுக்கடியில் ஒளித்துவைத்து, அதோடேயே ஆற்றுக்குள் போகப் பார்க்கிறான். நான் பிறகு எவனை வைவது?

இடப்பக்கத் துண்டுகளை இழுத்தேன். ஒரே இழுவையில் பிளாஸ்டர் மாதிரிக் கழன்று கையோடு வந்தது. எவ்வளவு லேசாக வந்தது என்று எழுத எனக்குக் கூச்சமாயிருக்கிறது. அரத்தாள் போட்டேன், துடைத்தேன், இரண்டு தரம் பசை பூசினேன்.

மே 20, புதன்

என் சொந்தக் காற்றுப்பைகளை எடுத்து அவன் கனூவில் வைத்து, குறுக்கும் மறுக்குமாய்க் கயிறு பின்னிக் கட்டினேன். அவிழ்க்க ஒரு நாள் வேண்டும். தொடைப்பட்டிக்குப் புதிய கொளுவி. ஒரு விரலால் தட்டினால் இரண்டு பக்கமும் கழன்றுவிடும். முன்கயிறு, பின்கயிறு, இரண்டின் நுனியையும் உருக்கினேன். பிறகு கண்ணாடி போட்டு இன்னொருக்கால் பார்த்தேன். பிறகும் ஒருக்கால் எழும்பிப் போய்ப் பார்த்தேன்.

பராபரண்ணைக்குச் சொன்னேன்: “ஆட்டுக்கல்லடியிலை நான் நிப்பன். அவனுக்குச் சொல்லக் கூடாது.”

“நீர் அந்த இடத்துக்கு...”

“நிப்பன் எண்டு சொன்னா நிப்பன்.”

ஓட்டத்தையே நிற்பாட்டலாம். நினைத்தேன். நிற்பாட்டினால் இந்த வருசம் போவான், அடுத்த வருசம் வருவான், எனக்குத் தெரியாமல் வருவான். என் கண்ணுக்கு முன்னால் வரட்டும்.

மே 22, வெள்ளி

கனூவை அவனிடம் கொடுக்கவில்லை. நாளைக்கு நேரே துறைக்கு வரும் என்று சொல்லியனுப்பினேன்.

மே 23, சனி

எழுத்து இன்றைக்குக் கோணல்.

பத்து மணிக்கு நான் கல்லில் நின்றேன். அவன் காவல் நின்ற அதே கல். அவன் தந்த அதே எறிகயிறு. பராபரண்ணை எதிர்க்கரையில் நின்றார். கரை முழுக்க நித்தியின் தமையனுடைய முகம், முப்பது நெஞ்சில். மனிதர் ஸ்காபரோவில் நல்ல சுகமாய் இருக்கிறார், அவருக்கு இப்படி ஒரு மரியாதை.

மேல்வளைவில் குகன் வந்தான். காற்றுப்பையைத் துறையில் கண்டிருப்பான். அவிழ்க்க நேரம் இருந்திராது. நல்லாகத்தான் துடுப்புப் போட்டான். ஆட்டுக்கல்லின் வாய்க்கு வரும்வரைக்கும் நல்லாகப் போட்டான். பிறகு துடுப்பை மடியில் வைத்தான்.

கனூ குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. காற்றுப்பை இருந்ததால் மிதந்து விலகிப் போனது. கொளுவியும் கழன்றுவிட்டது. அவன் தலை மேலே வந்தது. நீந்தவில்லை. கையை விரித்துப் போட்டுக்கொண்டு சுழியோடு ஒரு சுற்றுப் போனான், இன்னொரு சுற்றுப் போனான். உடனே எறிந்தேன். கயிறு அவன் தோளுக்கு மேலாலே விழுந்தது. தொட்டால் போதும்.

அவன் கயிற்றைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தான். பிடிக்கவில்லை.

“குகன், பிடி!”

தலையை ஆட்டினான், இல்லை என்று.

“முடிச்சு என்ரை!” என்று கத்தினேன். இரண்டு கரைக்கும் கேட்கக் கத்தினேன். “பின்கயிறு கட்டினது நான்! முடிச்சுப் போட்டது நான்! நீ ஆரடா அதைச் சுமக்க? பிடியடா கயிறை!”

பிடித்தான்.

கல்லில் காலை ஊன்றி இருந்து இழுத்தேன். கரைக்கு வந்து குப்புறக் கிடந்து தண்ணீராய்க் கக்கினான். நான் பக்கத்தில் இருந்தேன். பையிலிருந்து அந்த நீலத் துண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“எங்கை எடுத்தனீ இதை?”

“ஓகஸ்டிலை தண்ணி வத்தினாப்போலை வந்தனான் அக்கா. அண்டைக்கு நான் அறுத்துவிட்ட துண்டு கல்லுக்கை கிடந்தது. ஆரும் கண்டிடுவினம் எண்டு...”

“கண்டா உனக்கென்ன?”

“நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு.”

அறைந்தேன். பலமாய்த்தான் அறைந்தேன். பிறகு என் ஜாக்கெட்டைக் கழற்றி அவன் மேல் போட்டேன், பல் கிடுகிடுத்தது அவனுக்கு.

“பதினொரு செக்கன் உன்ரை,” என்றேன். “அதை நான் மன்னிக்கேல்லை, மன்னிக்கவும் மாட்டன். அதை வைச்சுக்கொண்டு உயிரோடை இரு. முடிச்சு என்ரை. இனி அதிலை கைவைச்சாயெண்டால் கையை முறிப்பன்.”

“ஓமக்கா,” என்றான்.

மேகலா கரையோரமாய் ஓடிவந்தாள். திங்கட்கிழமை டொக்டரிடம் போக ஒத்துக்கொண்டிருக்கிறான். போகாவிட்டால் நான் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லாரும் என் மூஞ்சியைப் பார்க்காமல் சோற்றுப் பார்சல் சாப்பிட்டார்கள். பராபரண்ணை மட்டும் வந்து, “மலர், நல்ல எறி,” என்றார்.

மே 24, ஞாயிறு

காலையில் படையல் வைத்தேன். நித்தியின் சரியான படத்துக்கு மாலை போட்டேன். அந்த நீலத் துண்டைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவிழ்க்கப் பார்த்தேன், மூன்று மாதம் தண்ணீரில் கிடந்து இறுகிவிட்டது, வரவில்லை.

மத்தியானம் பராபரண்ணை ஒரு வீடியோ அனுப்பினார். எதிர்க்கரையிலிருந்து எடுத்ததாம். “கழக முகநூலிலை போடட்டோ?” என்று கேட்டிருந்தார்.

போட்டுப் பார்த்தேன். குகன் கவிழ்கிறான். தலை மேலே வருகிறது. கல்லில் நான் நிற்கிறேன், கையில் எறிகயிறு. அவன் சுழியில் ஒரு சுற்று வருகிறான். நான் நிற்கிறேன். இரண்டாம் சுற்று வருகிறான். நான் நிற்கிறேன். என் கை அசையவே இல்லை.

எண்ணினேன். நம்பாமல் திரும்ப எண்ணினேன். அவன் கவிழ்ந்ததிலிருந்து கயிறு என் கையை விட்டுப் போகும்வரைக்கும் பதினாலு செக்கன்.

நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கவில்லை.

வீடியோவைக் குகனுக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை.